கேட் தேர்வுக்கு 32 நாள், கடைசி வாரம் சி ஷிஃப்ட்: ஹீட் டிரான்ஸ்ஃபரைத் தொடலாமா, விட்டுவிடலாமா?

அரூர்க்காரன் (கேள்வி)

வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில், மெஷின் ஷாப்பில் இன்ஜினியராக இருக்கிறேன். மூன்று வருடம் ஆகிறது. எம்.டெக். சேர கேட் தேர்வில் மெக்கானிக்கல் தாள் எழுதுகிறேன், இது இரண்டாவது முறை. சென்ற முறை 38 மதிப்பெண். தகுதி வந்தது, ஆனால் நான் கேட்ட துறைகளுக்கு அது எட்டவில்லை.

எதற்காக எம்.டெக். என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் லைனில் கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் ஒரு சி.என்.சி. மெஷின் இருக்கிறது. காலையில் ஓட ஆரம்பித்ததும் முதல் இருபது பீஸ் ஒரு அளவில் வரும். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு அதே புரோகிராமில் துளையின் அளவு 10, 12 மைக்ரான் மாறியிருக்கும். மெஷினில் சுழலும் தண்டான ஸ்பிண்டில் சூடாகி நீளுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆப்செட்டை, அதாவது புரோகிராமில் கொடுக்கும் அளவுத் திருத்தத்தை, மாற்றிக்கொண்டு ஓட்டுகிறோம். எவ்வளவு நீளும், எப்போது நிற்கும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்று ஆறு மாதம் நோட்டில் அளவு எழுதி வைத்தேன். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார ஓர் இடம் வேண்டும். மேனுஃபேக்சரிங் பிரிவில், ஐ.ஐ.டி.யோ திருச்சி என்.ஐ.டி.யோ, எது கிடைத்தாலும் சரி.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், 9.30 மணிக்கு. மையம் சேலம் கேட்டிருக்கிறேன். ஷிஃப்ட் எங்களுக்கு வாரம் ஒருமுறை சுழலும். இந்த வாரம் பி ஷிஃப்ட், பொங்கல் வாரம் சி, அப்புறம் ஏ, பி, தேர்வு வாரம் மறுபடி சி. அதாவது இரவு 10 முதல் காலை 6 வரை. தேர்வு வாரம் முழுதும் விடுப்பு கேட்டேன். ஆடிட் இருக்கிறது, சனி, ஞாயிறு மட்டும் எடுத்துக்கொள் என்றார்கள். ஐந்து நாள் காலை 7 மணிக்குத் தூங்கப் போகிறவன், ஞாயிறு காலை 9.30க்கு எப்படி மூன்று மணி நேரம் விழித்து உட்காருவேன் என்று பயமாக இருக்கிறது.

படிப்பைப் பொறுத்தவரை தெர்மோடைனமிக்ஸ், ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ், மேனுஃபேக்சரிங், கணிதம் இவையெல்லாம் ஒரு சுற்று முடிந்தது. ஃப்ளூயிட் பாதி. ஹீட் டிரான்ஸ்ஃபர், அதாவது வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதைப் பற்றிய பாடம், தொடவே இல்லை. கல்லூரியில் அந்தப் பாடத்தில் அரியர் வைத்து எழுதினேன், அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இதுவரை எழுதிய மூன்று மாதிரித் தேர்வில் 41, 44, 38. மூன்றாவதில் ஏன் குறைந்தது என்றே புரியவில்லை. இத்தனைக்கும் அதில்தான் அதிகக் கேள்விக்குப் பதில் போட்டேன்.

வேலை நாளில் இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். வார விடுமுறையில் எட்டு மணி நேரம். இந்த 32 நாளில் ஹீட் டிரான்ஸ்ஃபரைத் திறக்கலாமா, படித்ததையே திரும்பப் படிக்கலாமா? வேலையில் இருந்துகொண்டு எழுதியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


காவிரிக்கரை

தம்பி, நானும் வேலையில் இருந்தபடிதான் எழுதினேன். கோவையில் பம்ப் செய்யும் கம்பெனி, டெஸ்ட் பெஞ்ச் வேலை. இரண்டாவது முறையில்தான் எனக்கும் இடம் கிடைத்தது, திருச்சி என்.ஐ.டி.யில்.

முதலில் அந்த 38ஐப் பார்ப்போம். மூன்றாவது மாதிரித் தேர்வை எடுத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுது: "தெரியாது", "தெரியும், கணக்கில் தப்பு", "ஊகம்". ஒரு மதிப்பெண் கேள்வியில் தப்பான விடையைத் தேர்ந்தெடுத்தால் 1/3 மதிப்பெண் போகும், இரண்டு மதிப்பெண் கேள்வியில் 2/3 மதிப்பெண் போகும். உதாரணத்துக்கு ஐந்து ஒரு மதிப்பெண் கேள்வியும் ஏழு இரண்டு மதிப்பெண் கேள்வியும் தப்பு என்று வைத்துக்கொள். 6.33 மதிப்பெண் கழியும். நீ அதிகம் எழுதிய அன்று குறைந்ததற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எண்ணை நிரப்பும் கேள்விக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை உள்ள கேள்விக்கும் மைனஸ் கிடையாது. ஆனால் அந்த இரண்டாம் வகையில் எல்லாச் சரியான விடைகளையும் தேர்ந்தெடுத்தால்தான் மதிப்பெண், பாதி சரிக்குப் பாதி கிடைக்காது. எங்கே ஊகிக்கலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்பது கேள்வியைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

அடுத்தது கால்குலேட்டர். இதை நிறையப் பேர் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுகிறார்கள். உன் மேசையில் இருக்கும் கால்குலேட்டரை இன்றைக்கே பெட்டியில் வைத்துவிடு. தேர்வில் திரையில் வரும் கால்குலேட்டர்தான், அதையும் மவுஸால்தான் அழுத்த வேண்டும். விடையாக வரும் எண்ணையும் திரையில் உள்ள எண் பலகையில் மவுஸால்தான் போட வேண்டும். நான் முதல் முறை எழுதும்போது வீட்டில் பழகியதெல்லாம் கைக் கால்குலேட்டரில். தேர்வில் ஒவ்வொரு கணக்குக்கும் அரை நிமிடம் கூடுதலாகப் போனது. அதுகூடப் பரவாயில்லை. அதில் ln (இயற்கை மடக்கை), log (10 அடிமான மடக்கை) இரண்டும் அருகருகே இருக்கும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் கணக்கு ஒன்று சொல்கிறேன். எதிரெதிர் ஓட்டம். சூடான திரவம் 90லிருந்து 50க்கு இறங்குகிறது, குளிர்ந்தது 20லிருந்து 40க்கு ஏறுகிறது. ஒரு முனையில் வித்தியாசம் 50, மறுமுனையில் 30. சராசரி வித்தியாசம் வேண்டுமென்றால், 50லிருந்து 30ஐக் கழித்து வரும் 20ஐ ln(50/30) ஆல் வகுக்க வேண்டும், 39.15 வரும். ln என்பதற்குப் பதில் log அழுத்தினால் 90க்கு மேல் வரும். 50க்கும் 30க்கும் நடுவில்தான் விடை இருக்க வேண்டும், அது எப்படி 90 ஆகும் என்று ஒரு நொடி யோசித்திருந்தால் பிடித்திருப்பேன். வீட்டு மாதிரித் தேர்வில் இதே தப்பை இரண்டு முறை செய்தேன். அதற்குப் பிறகு எந்த விடை வந்தாலும் "இது எதற்கும் எதற்கும் நடுவில் இருக்க வேண்டும்" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவேன். கோண அளவு டிகிரியில் நிற்கிறதா, ரேடியனில் நிற்கிறதா என்பதையும் அப்படியே பார்.

இப்படி என் தப்புகளை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். தேதி, கேள்வி, எங்கே சறுக்கினேன், அவ்வளவுதான். கடைசி ஒரு வாரம் அந்த நோட்டைத் தவிர வேறு எதையும் திறக்கவில்லை.

ஹீட் டிரான்ஸ்ஃபரைப் பற்றிக் கேட்டாய். நான் உன் இடத்தில் இருந்தால் விட்டுவிடுவேன். அந்த நேரத்தில் உற்பத்தியைத் திட்டமிடும் பாடமான இன்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்கை முடி. ஈ.ஓ.கியூ., சி.பி.எம்., பெர்ட், ஜான்சன் விதி, லீனியர் புரோகிராமிங், இதெல்லாம் ஷாப் ஃப்ளோரில் இருக்கிறவனுக்கு இரண்டு விடுமுறை நாளில் வந்துவிடும். பொது ஆப்டிட்யூடுக்கு 15 மதிப்பெண், கணிதத்துக்கு 13. நூற்றில் 28 அங்கேயே இருக்கிறது. அதில் நீ எவ்வளவு எடுக்கிறாய் என்று எழுதவே இல்லையே, பார்த்துச் சொல்.

தூக்கத்துக்கு எனக்கு வழி தெரியவில்லை. எனக்கு ஜெனரல் ஷிஃப்ட்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்வேன். இனி மாதிரித் தேர்வு எழுதினால் காலை 9.30க்கே எழுது. இரவு உட்கார்ந்து துண்டு துண்டாக எழுதிய மதிப்பெண்ணை நம்பாதே.


சுண்ணக்கட்டி

நான் ஓர் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறையில் பாடம் நடத்துகிறேன். காவிரிக்கரை சொன்னதில் கால்குலேட்டரும் தப்பு நோட்டும் பொன்னானவை. ஹீட் டிரான்ஸ்ஃபரை விடச் சொன்னதில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

அரூர்க்காரன், நீங்கள் அந்தப் பாடத்தைத் தொடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதம் நோட்டில் அளவு எழுதியது வேறு என்ன? மெஷின் முதலில் வேகமாகச் சூடாகிறது, பிறகு மெதுவாக, இரண்டு மணி நேரத்தில் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடுகிறது. உங்கள் அளவுகளை நேரத்துக்கு எதிராக ஒரு கிராஃப் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். ஏறி, வளைந்து, தட்டையாகும் ஒரு கோடு வரும். லம்ப்டு கபாசிட்டி பாடத்தில் வரும் எக்ஸ்பொனென்ஷியல் வளைவுக்கு அது வெகு அருகில் இருக்கும். ஒரு பொருளின் உள்ளே வெப்பம் பரவுவது, அதன் மேற்பரப்பிலிருந்து வெளியே போவதைவிட மிக எளிதாக இருந்தால், பொருள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். பயாட் எண் 0.1க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதற்குத்தான். ஸ்பிண்டிலும் அதன் பேரிங்கும் சேர்ந்தது இதைவிடச் சிக்கலானது, உண்மைதான். ஆனால் வளைவின் முகம் அதே முகம். இந்தப் பாடத்துக்குப் பயப்பட உங்களுக்கு இனிக் காரணம் இல்லை.

முழுப் பாடமும் வேண்டாம். நான்கு மாலை போதும். முதல் மாலை கண்டக்‌ஷன்: சுவருக்கு L/kA, பரப்புக்கு 1/hA, எல்லாவற்றையும் மின்தடை போல வரிசையில் கூட்டுங்கள். குழாய்க்கு ln வரும். இன்சுலேஷனின் கிரிட்டிகல் ஆரம் உருளைக்கு k/h, கோளத்துக்கு 2k/h. இரண்டாவது மாலை ஃபின்னும் (வெப்பத்தை வெளியேற்ற நீட்டி வைக்கும் தகடு) லம்ப்டு கபாசிட்டியும். மூன்றாவது ஹீட் எக்ஸ்சேஞ்சர், சராசரி வித்தியாசமும் என்.டி.யூ. முறையும். நான்காவது ரேடியேஷன். அதில் வியூ ஃபேக்டரின் (ஒரு பரப்பிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சில் இன்னொரு பரப்பை அடையும் பங்கு) இரண்டு விதிகள்: ஒரு பரப்பிலிருந்து போவதையெல்லாம் கூட்டினால் ஒன்று, A1F12 = A2F21. ஒரு பெரிய கோளத்துக்குள் சின்னக் கோளம் இருந்தால் சின்னதிலிருந்து பெரியதற்கு 1, திரும்பி வருவது பரப்பு விகிதம். இந்த இரண்டு விதியிலேயே பல கேள்விகள் முடிந்துவிடும்.

பவுண்டரி லேயர் வருவிப்புகள், டர்புலன்ட் ஓட்டத்தின் நீண்ட நீண்ட சமன்பாடுகள், இவற்றை இந்த முறை திறக்காதீர்கள். ஒவ்வொரு மாலையும் அரை மணி நேரம் பாடம், மீதி நேரம் பழைய கேட் கேள்விகள் மட்டும். பாடத்தில் ஏதாவது புரியவில்லை என்றால் இணையத்தில் உள்ள என்.பி.டி.இ.எல். வீடியோ வகுப்புகளில் அந்த ஒரு வகுப்பை மட்டும் பாருங்கள். நாற்பது வகுப்பையும் முதலிலிருந்து ஓட்ட ஆரம்பிக்காதீர்கள், என் மாணவர்கள் ஜனவரியில் செய்யும் தவறு அது.


நிலாமுற்றம்

தம்பி, நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாள். பாடத்தில் உதவ முடியாது. தூக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நான் எழுதிய வருடம் என் மகளுக்கு ஒன்றரை வயது, இரவு வேலையும் இருந்தது.

தேர்வுக்கு முந்தைய வாரத்தை எப்படியாவது மாற்றிக்கொள். மேலே இருப்பவர்களிடம் விடுப்பு கேட்பதற்குப் பதில், பக்கத்தில் வேலை செய்பவரிடம் ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளக் கேள். விடுப்பு என்றால் ஆள் குறையும், மாற்றம் என்றால் ஆள் குறையாது. பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் சும்மா கேட்காதே. அவருக்கு எது தேவையோ அதைக் கொடுத்துவிட்டுக் கேள். எனக்காக இரவுப் பணி பார்த்த தோழிக்குத் தீபாவளி அன்று நான் போனேன்.

இரண்டாவது, வீட்டில் தேதியைச் சொல்லிவிடு. "படிக்கிறேன்" என்று சொன்னால் யாருக்கும் கணக்குத் தெரியாது. "இந்த ஞாயிறு வரை, அதற்கப்புறம் எல்லாக் கல்யாணத்துக்கும் வருகிறேன்" என்று சொன்னபோது என் மாமியாரே சமையலறையிலிருந்து என்னை வெளியே அனுப்பினார்.

கேட் மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். இந்த வருடம் வேலையை விட முடியாத நிலை வந்தாலும் வாங்கிய மதிப்பெண் உன் கையில் இருக்கும். இதை நினைத்துக்கொண்டு நிம்மதியாக எழுது.


அரூர்க்காரன்

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு பி ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்றாவது மாதிரித் தேர்வைப் பிரித்துப் பார்த்தேன். காவிரிக்கரை அண்ணா சொன்னதுதான். தப்பு 14. அதில் "தெரியாது" என்று எழுத முடிந்தது நான்குதான். ஆறு ஊகம், நான்கு கணக்கில் சறுக்கல். அந்த நான்கில் ஒன்று யூனிட்: மில்லிமீட்டரை மீட்டராக மாற்றாமல் விட்டிருக்கிறேன். தினமும் மைக்ரானில் அளக்கிறவன் இதைச் செய்தேன் என்று பார்த்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. ஆப்டிட்யூடில் 15க்கு 9, கணிதத்தில் 13க்கு 7. அங்கேயே 12 மதிப்பெண் விட்டிருக்கிறேன்.

சார், கிராஃப் தாளில் புள்ளி வைத்தேன். நீங்கள் சொன்ன அதே வளைவு. அறை நண்பர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிக் காட்டலாமா என்று இருந்தது. நான்கு மாலையும் ஹீட் டிரான்ஸ்ஃபருக்கு ஒதுக்கிவிட்டேன்.

அக்கா, உடன் வேலை செய்யும் மதுரைக்காரர் ஒருவர் இருக்கிறார். தேர்வு வாரம் அவருக்கு ஏ ஷிஃப்ட், காலை 6 முதல் 2 வரை. பொங்கலுக்கு ஊருக்குப் போக அவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. எனக்கு மாட்டுப் பொங்கலும் காணும் பொங்கலும் கிடைத்திருக்கிறது. கேட்கப் போகிறேன்.


அரூர்க்காரன் (பொங்கல் கழிந்து)

மாற்றம் ஆகிவிட்டது. மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் இரண்டு நாளும் அவருடைய ஏ ஷிஃப்டை நான் பார்த்தேன். தேர்வு வாரம் என் சி ஷிஃப்டை அவர் பார்ப்பார், அவருடைய ஏ எனக்கு.

ஊருக்குப் பொங்கலன்று காலை போய் அன்று மாலையே திரும்பினேன். மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் அடிப்பது சின்ன வயதிலிருந்து என் வேலை. அம்மா மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கொம்பைக் கழுவி, வண்ண டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்து வைத்திருந்தார். ஒரு நாள் முன்னாலேயே அடித்தேன். ஒரு கொம்பு நீலம், ஒரு கொம்பு சிவப்பு. பஸ் ஏற்றிவிடும்போது அப்பா, "எந்த ஞாயிறு?" என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.

படிப்பு: ஹீட் டிரான்ஸ்ஃபர் நான்கு மாலை ஐந்தாகிவிட்டது. ரேடியேஷனுக்கு இரண்டு நாள் எடுத்தது. ஃபின்னில் இன்னும் தடுமாறுகிறேன். மற்றது வருகிறது. நேற்று வார விடுமுறை, காலை 9.30க்கு உட்கார்ந்து, திரைக் கால்குலேட்டரில், முழுத் தேர்வு எழுதினேன். 51. தப்பு ஏழு, ஊகம் ஒன்றுதான்.


காவிரிக்கரை

51 நல்ல இடம் தம்பி. ஃபின்னுக்காக இன்னொரு மாலை செலவழிக்காதே. ஃப்ளூயிட் பாதி என்று எழுதியிருந்தாயே, பெர்னூலியும் குழாய் உராய்வும் முடித்துவிட்டாயா? மேலே புதிதாக எதையும் சேர்க்காமல் அதை மட்டும் முடி. அட்மிட் கார்டு வந்ததும் மையத்தின் முகவரியைப் பார்த்து, முடிந்தால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வா. நான் வழி தெரியாமல் கடைசி நேரத்தில் ஓடி, வியர்வையோடு போய் உட்கார்ந்தேன்.


அரூர்க்காரன் (தேர்வுக்கு முந்தைய நாள்)

சேலத்தில் சித்தி வீட்டில் இருக்கிறேன். ஐந்து நாளும் ஏ ஷிஃப்ட், காலை நாலரைக்கு எழுந்தேன். இரவு ஒன்பதானால் தானாகக் கண் சொக்குகிறது, காலை ஒன்பதரைக்கு நன்றாக விழித்திருக்கிறேன். நேற்று ஷிஃப்ட் முடிந்து நேராக பஸ் ஏறிவிட்டேன். இன்று காலை சித்தப்பாவின் வண்டியில் போய் மையத்தின் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டிலிருந்து 25 நிமிடம். அட்மிட் கார்டு இரண்டு பிரதி, ஆதார் அசல் அட்டை, பேனா எல்லாம் ஒரு கவரில் போட்டு மேசை மேல் வைத்திருக்கிறேன். வாட்ச் அனுமதி இல்லை என்பதால் அதைக் கழற்றி சித்தியிடம் கொடுத்துவிட்டேன்.

ஃப்ளூயிட் முடித்தேன் அண்ணா. ஃபின் முடிக்கவில்லை. தப்பு நோட்டு 31 பக்கம் ஆகியிருக்கிறது, மாலை ஒருமுறை புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் சார் சொன்ன அந்த வளைவை ஒட்டி வைத்திருக்கிறேன்.

சித்தி சாப்பிடக் கூப்பிடுகிறார். நாளை எழுதிவிட்டு வந்து சொல்கிறேன்.